கல்லணை முதல் கடல் வரை ஒரு பாகை: டெல்டாவிலிருந்து உலக ரேகைகளை அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் வீட்டு பீரோவில் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டு இருந்தால் அதன் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறந்த நாள், நட்சத்திரம், லக்னம் ஆகியவற்றுக்கு மேலே ஒரு வரி இருக்கும். தஞ்சாவூரில் பிறந்தவர் என்றால் 'அட்சாம்சம் 10.47 வடக்கு, ரேகாம்சம் 79.08 கிழக்கு' என்பதுபோல எழுதியிருப்பார்கள். பலன்களைத் தேடி எல்லோரும் தாண்டிப் போகும் அந்த வரிதான், இந்தப் பூமியில் நீங்கள் எந்த இடத்தில் கண் விழித்தீர்கள் என்பதைச் சொல்கிறது. பள்ளியில் ஐந்து ரேகைகளின் பெயரை மனப்பாடம் செய்து மறந்தவர்களும், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவர்களும் அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அட்சரேகை, அட்சக்கோடு, அட்சாம்சம், இலங்கைப் பாடநூல்களில் வரும் அகலாங்கு ஆகிய எல்லாம் வடக்கு-தெற்கு நிலையைச் சொல்லும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. தீர்க்கரேகை, தீர்க்கக்கோடு, ரேகாம்சம், நெட்டாங்கு ஆகியவை கிழக்கு-மேற்கு நிலைக்கு உரியவை. அட்சரேகைகள் பூமியைச் சுற்றிக் கிடையாகப் போடப்பட்ட வளையங்கள். ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தீர்க்கரேகைகளோ பலாப்பழத்தை நெடுக்காகக் கீறியதுபோல வட துருவத்தில் கிளம்பித் தென் துருவத்தில் கூடுபவை.

இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம். முக்கியமான அட்சரேகைகளை வகுத்தது சூரியன். முக்கியமான தீர்க்கரேகைகளை வகுத்தது மனிதர்களின் உடன்படிக்கை. நிலநடுக்கோட்டை யாரும் நகர்த்த முடியாது. லண்டனை அடுத்த கிரீன்விச் வழியே செல்லும் 0 பாகைத் தீர்க்கரேகையையோ கூட்டம் போட்டு, வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தார்கள்.

முதல் படி: ஒரு பாகை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாகை என்றாலும் டிகிரி என்றாலும் ஒன்றுதான். முழு வட்டத்துக்கு 360 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை நகர்ந்தால் தரையில் ஏறத்தாழ 111 கி.மீ. நகர்ந்திருப்பீர்கள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் அங்கே ஒரு பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., நம் ஊரில் சுமார் 109 கி.மீ., 60 பாகை வடக்கில் அதில் பாதி, துருவத்தில் ஒன்றுமில்லை.

எண்ணாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. நம் டெல்டாவையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லணை 78 பாகை 49 நிமிடம் கிழக்கில் இருக்கிறது. காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் 79 பாகை 51 நிமிடத்தில் இருக்கிறது. இடைவெளி ஒரு பாகையும் இரண்டு நிமிடமும். தெற்கே கோடியக்கரை 10 பாகை 17 நிமிடம் வடக்கு. வடக்கே கொள்ளிடத்தின் முகத்துவாரம் 11 பாகை 20 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. அதுவும் ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். அப்படியானால் நம் டெல்டா ஏறக்குறைய ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இனி எங்கே 'ஒரு பாகை' என்று படித்தாலும், கல்லணையில் பிரிந்த தண்ணீர் கடலைச் சேரும் தூரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பூம்புகார் கடற்கரையில் உதித்த சூரியன் கல்லணைக்கு வந்து சேர 4 நிமிடம் ஆகிறது. இந்த '4 நிமிடம்' பின்னால் நிறைய உதவும்.

இரண்டாம் படி: எண்களைப் பிழையின்றி எழுதவும் படிக்கவும் பழகுங்கள்

ஒரு பாகையில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி. பழைய நூல்கள் கலை, விகலை என்று சொல்லும். கைப்பேசி வரைபடமோ நிமிடக் கணக்கை விட்டுவிட்டுத் தசமத்தில் காட்டும். பெரிய கோயில் இருக்கும் இடம் 10°47′ வடக்கு, 79°08′ கிழக்கு. இதையே கைப்பேசி 10.783, 79.133 என்று எழுதும். 47-ஐ 60-ஆல் வகுத்தால் 0.783 வரும்.

ஜாதகத்தில் 10.47 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பது 10 பாகை 47 நிமிடம். அதை அப்படியே கைப்பேசியில் தட்டினால் கருவி தசமமாக எடுத்துக்கொண்டு சுமார் 35 கி.மீ. தெற்கே, கறம்பக்குடிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் ஊர்க் குளம் ஒன்றின் இடக்குறிப்பு ஒரு கணக்கெடுப்புப் படிவத்தில் இப்படித்தான் தவறாக ஏறியது. அதைத் திருத்த நாங்கள் இரண்டு பருவம் அலைந்தோம். வரப்புத் தகராறாக இருந்தால் நான்கு பேர் நேரில் போய்ப் பார்த்துத் தீர்த்துவிடலாம். எண் தவறினால் காகிதத்தில் குளமே வேறு ஊருக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தசமத்தில் எத்தனை இலக்கம் வேண்டும்? மூன்று இலக்கம் போட்டால் சுமார் 110 மீட்டர் துல்லியம், தெருவைக் காட்டும். நான்கு இலக்கத்தில் 11 மீட்டர், வீட்டைக் காட்டும். ஐந்து இலக்கத்தில் ஒரு மீட்டர், கிணற்றைக் காட்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. தஞ்சாவூரின் எண்களை மாற்றிப் போட்டு 79.1 வடக்கு, 10.8 கிழக்கு என்று தேடிப் பாருங்கள். நார்வேக்கு வடக்கே, பனி மூடிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரையோரக் கடலில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து சில பத்து கிலோமீட்டர் தொலைவில் நி-அலெசுண்ட் என்ற குடியிருப்பில், 2008-இல் திறக்கப்பட்ட இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையம் 'ஹிமாத்ரி' இருக்கிறது. இந்தத் தற்செயலுக்குள் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. நான்காம் படியில் அதற்குத் திரும்புவோம்.

மூன்றாம் படி: உங்கள் முற்றத்தில் நீங்களே அளந்து பாருங்கள்

வரைபடத்தைப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொள்வதும், வெயிலில் நின்று எண்ணைக் கண்டுபிடிப்பதும் ஒன்றாகாது. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 25-ஐத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறை, பெரும்பாலும் அடைமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சூரியன் நம் கடிகாரத்துக்குச் சில நாட்களில் முந்தியும் சில நாட்களில் பிந்தியும் உச்சிக்கு வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். ஆண்டில் நான்கு நாட்களை ஒட்டி மட்டும் இந்த வித்தியாசம் ஏறத்தாழ இல்லாமல் போகும்: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25.

மெழுகிய சமதரையில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி வாக்கில் நிழலின் நுனியைக் குறித்து, குச்சியை மையமாக வைத்து அந்த நுனி வழியாகக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். குறித்த நேரத்தையும் எழுதி வையுங்கள். நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும். பிற்பகலில் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். தொட்ட இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு-மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியையும் குச்சியையும் இணைத்தால் வடக்கு-தெற்கு. அதுவே உங்கள் முற்றத்தைக் கடக்கும் தீர்க்கரேகை. கோயில் கட்ட மனைபோடும்போது திசை காண இதே முறையைத்தான் சிற்ப நூல்கள் சொல்கின்றன. அவை அந்தக் குச்சியைச் 'சங்கு' என்கின்றன.

இப்போது கணக்கு. காலையில் 10:15-க்கும் பிற்பகல் 2:12-க்கும் நிழல் வட்டத்தைத் தொட்டது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடு நேரம் 12 மணி 13½ நிமிடம். அதுதான் உங்கள் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது. இந்தியக் கடிகாரம் 82½ பாகை கிழக்கை வைத்து ஓடுகிறது. அங்கே 12 மணிக்கு உச்சி என்றால் இங்கே 13½ நிமிடம் தாமதம். பாகைக்கு 4 நிமிடமாக வகுத்தால் 3.4 பாகை மேற்கு. 82.5-இல் 3.4-ஐக் கழித்தால் 79.1. தீர்க்கரேகை கிடைத்துவிட்டது.

உச்சிப்பொழுதில் நிழலின் நீளம் சுமார் 68 செ.மீ. இருக்கும். கைப்பேசிக் கணிப்பானில் 0.68-க்குத் தலைகீழ் டேன்ஜென்ட் (tan⁻¹ பொத்தான்) எடுத்தால் 34.2 பாகை வரும். சூரியன் நம் தலைக்கு நேர்மேலிருந்து அத்தனை பாகை தெற்கே சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 23.4 பாகை தெற்கே இருப்பதால் அதைக் கழியுங்கள். 10.8 பாகை. அட்சரேகையும் கிடைத்துவிட்டது.

முதல் முறையே துல்லியமாக வராது. சூரியன் ஒரு புள்ளியல்ல, தட்டு. அதனால் நிழலின் நுனி ஒரு செ.மீ.க்கு மேல் மங்கலாக இருக்கும். மங்கலின் நடுவைக் குறியுங்கள். ஒரு செ.மீ. பிழைக்கு உங்கள் ஊர் சுமார் 43 கி.மீ. தள்ளிப்போகும். நேரத்தில் ஒரு நிமிடப் பிழை 27 கி.மீ. தள்ளும். அப்படியிருந்தும், ஒரு குச்சியும் கயிறும் கடிகாரமும் உங்களை டெல்டாவுக்குள்ளேயோ அதன் அக்கம்பக்கத்திலோ நிறுத்திவிடுகின்றன. முதன்முறை இந்த எண் எனக்கு வந்தபோது வெயிலில் நின்றிருப்பதே மறந்துபோனது.

இரவில் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. துருவ நட்சத்திரம் வடக்குத் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதுவே உங்கள் அட்சரேகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. தரங்கம்பாடியிலோ நாகப்பட்டினத்திலோ கரையில் நின்று வடக்கே பாருங்கள். தொடுவானுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் அந்த மங்கலான நட்சத்திரம் அசையாமல் நிற்கும்.

நான்காம் படி: சூரியன் வகுத்த ஐந்து அட்சரேகைகள்

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இந்த ஒரு எண் நினைவிருந்தால் போதும். ஐந்து கோடுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

நிலநடுக்கோடு 0 பாகை. சுற்றளவு 40,075 கி.மீ. தஞ்சாவூரிலிருந்து நேர்த் தெற்கே சுமார் 1,190 கி.மீ. அந்தப் பாதையில் மண்டபம் கரைதான் கடைசி நிலம், அதற்குமேல் கடல். நிலநடுக்கோட்டையும் தாண்டி அண்டார்டிகா வரை அதே தீர்க்கரேகையில் வேறு நிலமே குறுக்கிடுவதில்லை. உலகில் ஈக்வடார், கொலம்பியா, பிரேசில், கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் ஊடாக இந்தக் கோடு செல்கிறது. மார்ச் 20, செப்டம்பர் 22 அல்லது 23 நாட்களில் சூரியன் இதற்கு நேர்மேலே நிற்கும்.

கடகரேகை 23.4 பாகை வடக்கு. சூரியன் நேர் உச்சிக்கு வரக்கூடிய வடக்கு எல்லை இது. இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், திரிபுரா, மிசோரம் ஆகிய எட்டு மாநிலங்களைக் கடக்கிறது. டெல்லி இதற்கு வடக்கே இருப்பதால் அங்கே ஒருநாளும் சூரியன் நேர் தலைக்கு மேலே வருவதில்லை. நமக்கோ ஆண்டுக்கு இருமுறை வருகிறது: சித்திரை பிறந்த சில நாட்களில், ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, ஆவணியில், ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி மறுமுறை. அந்த நாட்களின் உச்சிப்பொழுதில் உங்கள் முற்றத்துக் குச்சிக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட நான்கு மாதமும் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று, குறுவை நாற்றங்காலில் நிற்பவரின் நிழல் தெற்கே விழுகிறது. டிசம்பரில் சம்பா வயலில் நிற்கும்போது அதே நிழல் வடக்கே நீள்கிறது. கடகரேகைக்குத் தெற்கே வாழ்கிறோம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

இதற்கு ஏன் கடகம் என்று பெயர்? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரிட்டபோது, சூரியன் வடக்கு எல்லையைத் தொடும் நாளில் கடக ராசியில் இருந்தது. தெற்கு எல்லையைத் தொடும் நாளில் மகரத்தில் இருந்தது. பூமியின் அச்சு பம்பரம்போலத் தலையாட்டிச் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதனால் இன்று சூரியன் வடக்கு எல்லையைத் தொடும் ஜூன் 21, நம் கணக்கில் ஆனி மாதம், அதாவது மிதுனம். ஆடி முதல் தேதி கடகம் பிறப்பதற்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். தை முதல் தேதியில் உத்தராயணம் பிறப்பதாகக் கொண்டாடுகிறோம். முற்றத்து நிழலோ டிசம்பர் 21, 22-லேயே குறுகத் தொடங்கிவிடுகிறது. ஜோதிடர்கள் 'அயனாம்சம்' என்று கழிக்கும் சுமார் 24 பாகை இந்த இடைவெளிதான். பொங்கல் தவறு என்று இதை வைத்து வாதாடுவோரை நான் ஏற்பதில்லை. நம் நாட்காட்டி நட்சத்திரங்களை வைத்து ஓடுகிறது, நிழல் சூரியனின் சாய்வை வைத்து ஓடுகிறது. இரண்டும் நேர்மையான கணக்குகள்.

மகரரேகை 23.4 பாகை தெற்கு. தெற்கே இதுவே எல்லை. ஆஸ்திரேலியாவின் நடுவிலும் தென்னாப்பிரிக்காவின் வடகோடியிலும் பிரேசிலிலும் செல்கிறது.

90-இலிருந்து 23.4-ஐக் கழித்தால் 66.6. வடக்கே அது ஆர்க்டிக் வட்டம், தெற்கே அண்டார்டிக் வட்டம். இவற்றுக்குள் ஆண்டில் ஒருநாளாவது சூரியன் மறையாமல் இருக்கும். ஒருநாளாவது உதிக்காமல் இருக்கும். இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆகிய அண்டார்டிக் நிலையங்கள் இரண்டும் தெற்கு வட்டத்துக்குள் இருக்கின்றன. பாரதி 76 பாகை கிழக்கில், கிட்டத்தட்ட நமக்கு நேர்த் தெற்கே இருக்கிறது.

இப்போது ஹிமாத்ரிக்கு வருவோம். தஞ்சாவூரின் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். 10.8-உம் 79.1-உம் ஏறத்தாழ 90. அதனால்தான் எண்களை மாற்றிப் போட்டபோது, நம் அட்சரேகைக்கும் 90-க்கும் உள்ள மீதி அட்சரேகையில் போய் நின்றோம். சூரியன் 10.8 பாகை வடக்குக்கு நேர்மேலே வரும்போது, 79.2 பாகை வடக்கில் அது நள்ளிரவிலும் தொடுவானைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தஞ்சாவூரில் நிழல் மறையும் அதே ஏப்ரல் நாட்களில் ஹிமாத்ரியில் இரவு மறைகிறது. ஆகஸ்ட் கடைசியில் நம் நிழல் மீண்டும் வடக்கே திரும்பும்போது அங்கே சூரியன் மீண்டும் மறையத் தொடங்குகிறது. நம் வயலில் நிழல் தெற்கே விழும் அந்த நான்கு மாதமும் அவர்களுக்கு ஓயாத பகல்.

நம் பகலும் ஆண்டு முழுவதும் ஒரே நீளம் இல்லை. ஜூனில் சுமார் 12 மணி 45 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 30 நிமிடம். இந்தச் சிறு வேறுபாட்டை நாம் கவனிப்பதில்லை, நெல் கவனிக்கிறது. பாரம்பரிய நீண்டகால வகைகளில் பல, பகல் குறுகுவதை உணர்ந்தே கதிர் விடுகின்றன. ஆடுதுறையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் கிட்டத்தட்ட சரியாக 11 பாகை வடக்கில் அமைந்திருக்கிறது. அட்சரேகை வழியே கிழக்கே போனால், தஞ்சாவூரின் அதே 10.8 பாகையில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தை அடைவீர்கள். அதன் தெற்கே மீகாங் டெல்டா, அங்கேயும் நெல்.

ஐந்தாம் படி: மனிதர் ஒப்புக்கொண்ட தீர்க்கரேகைகள்

வடக்கு-தெற்கு நிலையை நட்சத்திரமும் நிழலும் சொல்லிவிடும். கிழக்கு-மேற்கு நிலைக்கு இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் தேவை. கப்பலின் ஆட்டத்திலும் தவறாமல் ஓடும் கடிகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் செய்யும்வரை கடலோடிகளுக்கு இது பெரும் துன்பமாகவே இருந்தது.

எங்கிருந்து எண்ணுவது என்பதும் கேள்விதான். நம் பழைய வானியல் நூல்கள் உஜ்ஜயினி வழியே செல்லும் கோட்டை முதற்கோடாகக் கொண்டன. ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு கோடு வைத்திருந்தன. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, லண்டனை அடுத்த கிரீன்விச் வானாய்வகத்தின் வழியே செல்லும் கோட்டை 0 பாகை என்று முடிவு செய்தன. 22 நாடுகள் ஆதரித்தன, ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. அப்போதே உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை கிரீன்விச்சை வைத்து அச்சிட்ட வரைபடங்களைப் பயன்படுத்தி வந்ததுதான் முக்கியக் காரணம். இன்றைய ஜி.பி.எஸ். காட்டும் 0 பாகை, அங்கே தரையில் பதித்திருக்கும் கோட்டுக்கு சுமார் 100 மீட்டர் கிழக்கே விழுகிறது.

82½ பாகை கிழக்கு இந்தியாவின் நேரக் கோடு. கிரீன்விச்சைவிட 5½ மணி முன்னால். 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் ரயில்கள் மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரத்தில் ஓடின. அது 80¼ பாகையை ஒட்டியது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். நாகப்பட்டினத்தின் சூரிய நேரத்துக்கும் மெட்ராஸ் நேரத்துக்கும் வித்தியாசம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

கடிகாரம் சூரியனைவிட்டு எவ்வளவு விலகலாம் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. டெல்டாவில் பல வீடுகளில் அங்கே ஒருவராவது இருப்பார். சிங்கப்பூர் 103.8 பாகை கிழக்கு. நமக்கும் அதற்கும் சூரிய வித்தியாசம் 1 மணி 39 நிமிடம்தான். கடிகார வித்தியாசமோ 2½ மணி. அங்கே உச்சிவெயில் பகல் 1 மணியை ஒட்டி வருவது அதனால்தான்.

180 பாகை தீர்க்கரேகையை ஒட்டியது சர்வதேச தேதிக்கோடு. நாடுகளின் வசதிக்காக வளைந்து வளைந்து போகிறது. இதைக் கடந்தால் தேதி ஒருநாள் மாறும். பசிபிக் தீவு நாடான சமோவா தன் தேதிக்கோட்டுப் பக்கத்தை மாற்றிக்கொண்டபோது 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கு வரவில்லை.

ஆறாம் படி: '79-ஆம் ரேகை' செய்திகளைச் சோதித்துப் பாருங்கள்

பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்ற செய்தி அடிக்கடி கைப்பேசிக்கு வருகிறது. எண்களை எடுத்துப் பார்ப்போம். சிதம்பரம், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்றும் 79.69-க்கும் 79.70-க்கும் இடையே அமைந்திருக்கின்றன. சிதம்பரத்துக்கும் காளஹஸ்திக்கும் வடக்கு-தெற்காக 260 கி.மீ. இருந்தும் விலகல் ஒரு கி.மீ.க்கும் குறைவு. வியக்கத்தக்கதுதான். ஆனால் திருவண்ணாமலை 79.07, திருவானைக்காவல் 78.71. இவை இரண்டும் அந்தக் கோட்டில் இல்லை; திருவானைக்காவல் நூறு கி.மீ.க்கும் மேல் மேற்கே இருக்கிறது. உண்மையான மூன்றே போதுமான அழகு. அதோடு பொய்யான இரண்டைச் சேர்த்தால் மூன்றையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கோடுகளுக்கும் கோயிலுக்கும் எழுத்தில் பதிந்த ஒரு தொடர்பு தஞ்சாவூரிலேயே இருக்கிறது. 1802-இல் ஆங்கிலேய இராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் தொடக்கமாகத் தரையில் நேராக அளக்கும் கோடு) அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கும் பணியைத் தொடங்கினார். மலையுச்சிகளிலிருந்து தொலைவுப் புள்ளிகளைப் பார்த்துக் கோணம் எடுப்பது முறை. டெல்டாவில் மலை ஏது? தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. அதனால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி கட்டடத்தில் மோதி நசுங்கியது. லாம்டன் சோர்ந்துவிடாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதைச் சீர்செய்தார். இன்று கைப்பேசி ஒரு நொடியில் தரும் எண்ணுக்குப் பின்னால் அந்தக் கயிறு இழுத்த கைகள் இருக்கின்றன.

ஏழாம் படி: கடலிலும் புயலிலும் பயன்படுத்துங்கள்

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பதே ஒரு கடல் மைல்; 1,852 மீட்டர். படகில் போகிறவர்களுக்கு இந்தச் சமன்பாடு மனக்கணக்கை எளிதாக்கும். 1974-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கை பாக் நீரிணையில் எல்லையை ஆறு புள்ளிகளால் வரைந்தது. முதல் புள்ளி 10°05′ வடக்கு, 80°03′ கிழக்கு. கோடியக்கரை 10°17′, 79°50′. தெற்கே 12 நிமிடம், அதாவது 12 கடல் மைல். கிழக்கே 13 நிமிடம், நம் அட்சரேகையில் 13-ஐவிடச் சற்றுக் குறைவு. நேர்த்தூரம் 17½ கடல் மைல், சுமார் 32 கி.மீ. அங்கிருந்து எல்லை தென்மேற்காகத் திரும்பிக் கரையை நெருங்குவதால், முதல் புள்ளியின் தூரத்தை எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

புயல் அறிவிப்பு வரும்போது எல்லோரும் 'எங்கே இருக்கிறது' என்று கேட்கிறோம். அறிவிப்பிலேயே பதில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, '10.5 வடக்கு, 83.0 கிழக்கு' என்று வந்தால் தாளில் எழுதுங்கள். நாகப்பட்டினம் 10.77, 79.84. கிழக்கே 3.16 பாகை; 109-ஆல் பெருக்கினால் சுமார் 345 கி.மீ. வடக்கு-தெற்கு வித்தியாசம் 30 கி.மீ.தான். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நேர் மேற்கே நகர்ந்தால் ஏறக்குறைய 23 மணி நேரம் இருக்கிறது. அடுத்த அறிவிப்பில் அட்சரேகை எண் கூடினால் புயல் வடக்கே சாய்கிறது, குறைந்தால் தெற்கே. தீர்க்கரேகை எண் குறையக் குறையக் கரையை நெருங்குகிறது. 80-ஐத் தொட்டால் வாசலுக்கு வந்துவிட்டது.

நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல்கள் பொதுவாக உருவாவதில்லை. பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றும் விசை அங்கே மிகக் குறைவு. 10, 11 பாகையில் இருக்கும் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது, வேர்கொண்ட தென்னைகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஐப்பசி பிறந்ததும் ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, உங்கள் ஊரைச் சிவப்புப் புள்ளியாக வையுங்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் வரும் இரண்டு எண்களையும் நேரத்தோடு அதில் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று புள்ளிகள் விழுந்ததும் புயலின் பாதை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதன் போக்கு திடீரென்று மாறக்கூடும் என்பதால், அடுத்த அறிவிப்பு வந்ததும் நான்காவது புள்ளியையும் வைத்துப் பாருங்கள்.